நான்கு விலங்குகள், ஒரு சாப்பாட்டு மேசை: மினியேச்சர் மோதல் விளையாட்டைத் தொடங்குவோர்க்கு

மேசைமீது சிறு உருவங்களை நகர்த்தி, அளவு நாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டுகளில் இருவகை உண்டு. நூற்றுக்கணக்கான வீரர்களை அணிவகுக்க வைப்பவை ஒரு வகை; ஒவ்வொருவர் பக்கத்திலும் விரல்விட்டு எண்ணத்தக்க உருவங்களே நிற்கும் சிறுமோதல் விளையாட்டுகள் மற்றொரு வகை. வீவக வீட்டில் குடியிருந்து, வேலையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் முடிந்த பிறகே மேசைக்கு வரமுடிகிற சிங்கப்பூர்வாசிக்கு இரண்டாம் வகையே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. அதிலும், விலங்குகள் வாளும் வில்லும் ஏந்திப் பாத்திரங்களாக வரும் ஆட்டங்கள் புதியவர்களுக்குப் பெரும் உதவியாக இருக்கின்றன. சுண்டெலி சிறியது, எளிதில் ஒளிந்துகொள்ளும், நரி தந்திரமானது, நீர்நாய் வலுவானது என்பதையெல்லாம் விதிப்புத்தகத்தைத் திறக்காத ஒரு சிறுவனும் ஊகித்துவிடுவான். அந்த ஊகம் பெரும்பாலும் விதிகளோடு ஒத்துப்போகும் என்பதால், மனப்பாடம் செய்ய வேண்டியவை பாதியாகக் குறைகின்றன.

இந்த வகையில் நன்கு அறியப்பட்ட ஆட்டம் 'பர்ரோஸ் அண்ட் பேட்ஜர்ஸ்'. இங்கிலாந்தின் ஓத்ஸ்வோர்ன் மினியேச்சர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் லவ்ஜாய், ஜோ லவ்ஜாய் ஆகியோர் உருவாக்கிய இதன் விதிப்புத்தகத்தை ஆஸ்ப்ரே கேம்ஸ் 2018இல் வெளியிட்டது. பின்னர் இரண்டாம் பதிப்பும் வந்துள்ளது. நார்திம்ப்ரா என்னும் கற்பனை நாட்டில் அரசருக்கு விசுவாசமானவர்கள், அவர்களை எதிர்ப்பவர்கள், வழிப்பறிக்காரர்கள், காட்டுவாசிகள் எனப் பல தரப்பு விலங்குகள் மோதிக்கொள்வதே கதைக்களம். கீழே வரும் எடுத்துக்காட்டுகளை இந்த ஆட்டத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இதையொத்த வேறு எந்த விலங்கு ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும் செய்ய வேண்டிய வேலைகளும் அவற்றின் வரிசையும் ஏறக்குறைய இவையே. புத்தகம் வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்களோடு ஆடப்போகிறவரும் நீங்களும் ஒரே பதிப்பைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

முதலில் விதி, பிறகு உருவம்

கடையில் அழகான உருவத்தைக் கண்டவுடன் வாங்கிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைச் சற்று ஒத்திப்போட்டு, விதிப்புத்தகத்தை முதலில் வாங்குங்கள். அதையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. ஒரு சுற்றில் யார் எப்போது நகர்வது, எவ்வளவு தூரம் நகர்வது, நேருக்கு நேர் அடிப்பது எப்படி, தொலைவிலிருந்து எய்வது எப்படி என்ற நான்கு பகுதிகளை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மந்திரங்கள், காய அட்டவணைகள், தொடராட்டத்துக்கான விதிகள் ஆகியவற்றை முதல் ஆட்டம் முடிந்த பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

படித்த கையோடு மேசையில் சதுரங்கக் காய்கள் நான்கை வைத்து, இரண்டு புத்தகங்களைக் குன்றாகக் கிடத்தி, அரைமணி நேரம் ஆடிப்பாருங்கள். இத்தகைய ஆட்டத்தில் ஒருவர் தம் படை முழுவதையும் நகர்த்தி முடிக்கும்வரை மற்றவர் கைகட்டிக் காத்திருப்பதில்லை. ஒருவர் ஓர் உருவத்தை இயக்கினால், அடுத்து எதிராளி ஓர் உருவத்தை இயக்குகிறார். ஆகவே எதை முதலில் நகர்த்துவது, எதைக் கடைசிவரை விட்டுவைப்பது என்பதே ஆட்டத்தின் உயிர்நாடி. படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும் இந்த விதியின் கூர்மை, சதுரங்கக் காயைக் கையில் எடுத்தவுடன் விளங்கிவிடும்.

விதிகள் ஆங்கிலத்தில் இருந்தாலும் வீட்டில் ஆடும் மொழி தமிழாக இருப்பதில் எந்தத் தடையும் இல்லை. தொடக்கப்பள்ளிப் பிள்ளையோடு ஆடுபவர்கள், அரைப்பக்க அட்டை ஒன்றில் அடித்தல், தடுத்தல், எய்தல், சுறுசுறுப்பு, மறைதல், விழிப்பு, தாங்குதிறன் என ஒவ்வொரு திறனையும் தமிழில் எழுதி, அதனருகே அந்த உருவத்துக்குரிய பகடையின் படத்தை வரைந்து வைத்தால், பிள்ளை ஒவ்வொரு முறையும் புத்தகத்தைப் புரட்டத் தேவையிராது.

பகடைக் கணக்கு

இந்த ஆட்டத்தில் ஒரு பாத்திரத்தின் திறனைக் குறிப்பது எண்ணன்று, பகடை. திறன் குறைந்தவருக்கு நான்கு முகப் பகடை. கூடக் கூட ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு முகங்கள் கொண்டவை. அடிப்பவர் தம் அடிக்கும் பகடையையும், எதிர்ப்பவர் தம் தடுக்கும் பகடையையும் ஒரே நேரத்தில் உருட்டுகின்றனர். அடிப்பவரின் எண் கூடுதலாக இருந்தால் அடி விழுகிறது. வேறுபாடு கூடக் கூட அடியின் கடுமையும் கூடுகிறது.

இதில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது எந்த உத்தி நூலையும்விடப் பயன்தரும். ஆறு முகப் பகடை வைத்திருக்கும் எலி, பத்து முகப் பகடையால் தடுக்கும் பேட்ஜரை (வளை தோண்டி வாழும் வலுவான ஐரோப்பிய விலங்கு) அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 சேர்க்கைகளில் 15இல் மட்டுமே எலியின் எண் கூடுதலாக வரும். அதாவது நான்கில் ஒரு வாய்ப்பு. மாறாக, பத்து முகப் பகடையால் பேட்ஜர் அடித்து, ஆறு முகப் பகடையால் எலி தடுத்தால், 60இல் 39 முறை, அதாவது 65 விழுக்காட்டு வாய்ப்பில், எலி அடிவாங்கும். இங்கேயே மனம் தளர வேண்டாம். சூழலைப் பொறுத்து விதிகள் தரும் கூட்டல்கள் உண்டு. ஏதேனும் ஒரு காரணத்தால் எலியின் எண்ணோடு 2 கூடினால், 15ஆக இருந்த வெற்றிச் சேர்க்கைகள் 27 ஆகின்றன. வாய்ப்பு 25 விழுக்காட்டிலிருந்து 45 விழுக்காட்டுக்கு ஏறிவிடுகிறது.

ஆகவே பகடையை மாற்ற முடியாத சிறிய விலங்கு செய்ய வேண்டியது, கூட்டல் கிடைக்கும் இடத்துக்கு நகர்வதும், கிடைக்காத இடத்தில் மோதலைத் தவிர்ப்பதுமே ஆகும். இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்ட புதியவர், முதல் ஆட்டத்திலேயே தம் சுண்டெலிகளைச் சுவரோரமாக நகர்த்தி, மறைந்து, கூட்டாகத் தாக்கத் தொடங்கிவிடுவார்.

யாரைச் சேர்ப்பது

ஒவ்வொரு பாத்திரத்துக்கும், அது ஏந்தும் ஆயுதத்துக்கும், ஆட்டத்துக்குள் மட்டும் புழங்கும் 'பென்னி' என்ற நாணயக் கணக்கில் விலை உண்டு. விதிப்புத்தகம் அனுமதிக்கும் தொகைக்குள் படையைக் கட்ட வேண்டும். பெரிய விலங்கு விலை அதிகம், சிறியது குறைவு. முழுத் தொகைக்கும் உடனே படை கட்ட வேண்டிய அவசியமில்லை. இருவரும் ஒப்புக்கொண்டு, நான்கு நான்கு உருவங்களோடு தொடங்குங்கள்: பெரிய விலங்கு ஒன்று, நடுத்தர விலங்கு ஒன்று, சிறிய விலங்குகள் இரண்டு. சிறியவற்றுள் ஒன்றின் கையில் வில்லோ கவணோ இருக்கட்டும். நான்கும் பெரியனவாக இருந்தால் ஒளிந்து விளையாடும் பகுதி முழுவதும் வீணாகிவிடும். நான்கும் சிறியனவாக இருந்தால் ஒரே அடியில் படை சிதறிவிடும்.

எதைத் தேர்வது என்று தெரியாதவர்களுக்கு நான் சொல்வது நீர்நாய். பீஷான்–அங் மோ கியோ பூங்காவிலும் காலாங் ஆற்றங்கரையிலும் நீர்நாய்க் குடும்பங்களைப் பார்த்திராத சிங்கப்பூரர் இன்று அரிது. அவை கூட்டமாக நீந்துவதையும், எல்லைக்காக வேறொரு குடும்பத்தோடு சண்டையிடுவதையும் நம் மக்கள் படமெடுத்துப் பகிர்ந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெயர் வைத்தே பேசுகிறார்கள். ஆட்டத்தின் நீர்நாய் ஐரோப்பிய ஆறுகளைச் சேர்ந்தது. நம் ஆறுகளில் உள்ளதோ வழுவழுப்பான, குட்டையான மயிர் கொண்ட வேறோர் இனம். ஆயினும் வண்ணம் தீட்டுவதற்கு நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளக் கிடைத்த விலங்கு, திரையில் மட்டுமே கண்ட விலங்கைவிட எப்போதும் மேலானது. தள்ளி நின்று பாருங்கள். குட்டிகள் உடனிருந்தால் நெருங்க வேண்டாம்.

வாங்கும்போது

தொடக்கத்தில் தேவையானவை சிலவே: விதிப்புத்தகம், ஏழு பகடைகள் கொண்ட ஒரு தொகுதி, நான்கு உருவங்கள், அங்குல அளவு கொண்ட நாடா, சூப்பர் குளூ, சிறிய கத்தி, நுண் அரம், மூன்று தூரிகைகள், எட்டு வண்ணங்கள். வண்ணங்களில் கறுப்பு, வெள்ளை, அடர்பழுப்பு, இளம்பழுப்பு, எலும்பு நிறம், சிவப்பு, பச்சை, வெள்ளி ஆகியன இருந்தால் எந்த விலங்கையும் தீட்டிவிடலாம். இவற்றோடு பழுப்பு நிற வாஷ், அதாவது பள்ளங்களில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த வண்ணம், ஒரு குப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வயெஹோ, சிட்டடெல், ஆர்மி பெயிண்டர் ஆகிய மூன்று வண்ணத் தயாரிப்புகளுமே நம்பத்தக்கவை. ஒன்றோடொன்று கலந்தும் பயன்படுத்தலாம். தூரிகை, பசை, அட்டை போன்றவற்றுக்குப் பிராஸ் பசா காம்ப்ளெக்சில் உள்ள ஓவியப் பொருள் கடைகளே போதும்.

உருவங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 400 வெள்ளிக்குட்பட்ட அஞ்சல் பொருள்களுக்கு முன்பு பொருள், சேவை வரி இல்லை. 2023 ஜனவரி முதல், இங்கே வரிக்குப் பதிவுபெற்ற வெளிநாட்டு விற்பனையாளர்களும் தளங்களும் அவற்றுக்கும் வரி வசூலிக்கின்றனர். 2024 முதல் அதன் விகிதம் 9 விழுக்காடு. அஞ்சல் கட்டணம் ஓர் உருவத்துக்கும் பத்து உருவங்களுக்கும் பெரிதாக வேறுபடாது என்பதால், நண்பர்கள் இருவர் மூவர் சேர்ந்து ஒரே பொதியாக வரவழைப்பதே சிக்கனம். வண்ணத் தெளிப்பு டப்பாக்களை மட்டும் இங்கேயே வாங்குங்கள். அழுத்தம் நிறைந்த டப்பா விமான அஞ்சலில் வராது.

வீட்டிலேயே முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் உருவங்களை எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நுண்ணிய உருவங்களுக்கு ஏற்றது திரவ ரெசின் (ஒளியால் இறுகும் செயற்கைப் பிசின்) அச்சு. இறுகாத ரெசின் தோலில் படக்கூடாது. அதன் ஆவியை வெளியேற்றக் காற்றோட்டமான தனியிடம் வேண்டும். குளிர்சாதனம் ஓடும் மூடிய படுக்கையறை அதற்குரிய இடமன்று. தொடக்கத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒட்டுவதும் தீட்டுவதும்

உருவங்கள் உலோகத்திலோ ரெசினிலோ வரும். ரெசின் உருவத்தில் அச்சிலிருந்து பிரிப்பதற்கான எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கக்கூடும். பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்து உலரவிடுங்கள். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். காதின் பின்புறம், வாலின் அடிப்புறம் ஆகிய இடங்களில் அதைத் தேடிப் பிடித்து, கத்தியின் முதுகால் சுரண்டி எடுங்கள். இந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்த்தால், உரோமத்தில் வண்ணம் தீட்டும்போது அந்தக் கோடு பளிச்சென்று தெரியும். ரெசின் தூள் மூக்கில் ஏறாதபடி ஈரத்தோடு அராவுவது நல்லது. சூப்பர் குளூ காற்றின் ஈரத்தால் இறுகும் பொருள். நம் ஊரில் அது சட்டென்று பிடித்துக்கொள்ளும் என்பதால், ஒட்டுவதற்கு முன்பே கையும் வாலும் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

அடுத்து பிரைமர், அதாவது வண்ணம் பிடிப்பதற்காக முதலில் பூசும் அடிப்பூச்சு. வெளிநாட்டு வழிகாட்டிகள் பல தெளிப்பு டப்பாவையே பரிந்துரைக்கும். சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மழை பெய்து ஓய்ந்த பொழுதில் தெளித்தால் பிரைமர் பொடிப்பொடியாகப் படியும், வண்ணத்தைக் காக்க இறுதியில் பூசும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் வெண்பனி போல் பூத்துவிடும். பொது நடைபாதையில் தெளித்தால் அண்டை வீட்டாருக்கு நெடி அடிக்கும். ஆதலால் தூரிகையால் பூசும் பிரைமரை வாங்கி, மெல்லிய இரண்டு பூச்சாகப் பூசிவிடுங்கள். சற்று நேரம் கூடுதலாகும், ஆனால் வானிலையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி நீர்நாய்க்கு வருவோம். உடல் முழுவதும் அடர்பழுப்பை, பால் பதத்துக்குத் தண்ணீர் கலந்து, ஒரே தடவையில் மறைக்க முயலாமல் இரண்டு பூச்சாகப் பூசுங்கள். காய்ந்ததும் பழுப்பு வாஷைத் தாராளமாகத் தடவினால், அது உரோமத்தின் பள்ளங்களில் தேங்கி நிழலாக நிற்கும். மின்விசிறிக்கு அடியில் வைத்தாலும் முழுமையாக உலர நேரம் கொடுங்கள். அவசரப்பட்டால் அடுத்த பூச்சு வாஷைக் கிளப்பிக் கறையாக்கிவிடும். பிறகு பழைய, தட்டையான தூரிகையில் இளம்பழுப்பைத் தொட்டு, டிஷ்யூவில் துடைத்துத் துடைத்து, வண்ணமே இல்லை என்று தோன்றும் அளவுக்கு உலர்ந்த பின், உரோமம் படிந்திருக்கும் திசைக்குக் குறுக்காக மெல்ல வருடுங்கள். மேடுகளில் மட்டும் வண்ணம் பிடித்து, ஒவ்வொரு மயிரும் தனியே வரைந்தது போல எழுந்து நிற்கும். விலங்கு உருவங்கள் புதியவர்களுக்கு உகந்தவை என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: மனித முகத்தைத் தீட்டத் தேர்ந்த கை வேண்டும், உரோமமோ கற்றுக்குட்டியின் கையிலும் அழகாக அமையும்.

தொண்டையிலும் தாடையின் கீழும் எலும்பு நிறத்தைப் பூசி, பழுப்போடு சேரும் விளிம்பில் இரண்டையும் சமமாகக் கலந்து ஒரு கோடு இழுங்கள். கண்ணுக்குக் கறுப்புப் புள்ளி போதும். வெள்ளை விழி வரைய வேண்டாம், நீர்நாயின் கண்ணில் வெள்ளை தெரிவதில்லை. மேட் வார்னிஷ் பூசி முடித்த பிறகு, கண்ணிலும் மூக்கின் நுனியிலும் மட்டும் பளபளப்பு வார்னிஷ் ஒரு துளி வைத்தால் உருவம் உயிர்பெற்று உங்களைப் பார்க்கும்.

அக்ரிலிக் வண்ணம் மின்விசிறிக் காற்றில் சில நிமிடங்களில் தட்டிலேயே காய்ந்துவிடும். மூடியுள்ள தட்டையான உணவு டப்பாவில் நனைத்த டிஷ்யூவைப் பரப்பி, அதன்மீது பேக்கிங் தாளை விரித்தால், வண்ணம் நெடுநேரம் ஈரமாக இருக்கும். நம் வெப்பத்தில் அதில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் டிஷ்யூவை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுங்கள்.

மேசையும் நிலமும்

மூன்றடிக்கு மூன்றடி இடம் இருந்தால் நான்கு உருவ ஆட்டத்துக்குத் தாராளம். பெரும்பாலான சாப்பாட்டு மேசைகளில் அது அமையும். பச்சையோ பழுப்போ ஆன துணியை விரித்து, அடியில் புத்தகங்களைச் செருகினால் மேடுபள்ளம் தயார். நிலக்காட்சியைச் செறிவாக வைப்பது மிகவும் முக்கியம். வெட்டவெளியில் வில் வைத்திருப்பவரே வெல்வார். ஒரு கை அகலத்துக்கு ஒரு புதரோ சுவரோ இருந்தால்தான் சிறிய விலங்குகளுக்கு வேலை இருக்கும்.

இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பாதித் தேங்காய் ஓட்டைக் கவிழ்த்து, ஒரு பக்கம் வாசல் அறுத்தால் பேட்ஜரின் வளை கிடைத்துவிடும். தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கிப் பசையில் ஒட்டினால் காய்ந்த புல். உலர்த்திய தேயிலைச் சக்கை உதிர்ந்த சருகு. கறிவேப்பிலைச் செடியின் காய்ந்த குச்சிகள் அந்த அளவில் விழுந்த மரங்களாகத் தோன்றும். உருவம் நிற்கும் அடித்தட்டில் மண் போலத் தெரிய ரவையைத் தூவலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எறும்பு வந்துவிடும். மீன்தொட்டி மணலே சரி. பூங்காக்களிலிருந்தும் இயற்கை வனப்பகுதிகளிலிருந்தும் இலை, கிளை எடுத்து வருவது சட்டப்படி குற்றம் என்பதால், வீட்டுத் தொட்டிச் செடிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் ஆட்டம்

முதல் ஆட்டத்தில் ஒருவரையொருவர் அடித்து வீழ்த்துவதை மட்டும் இலக்காக வைத்தால், எல்லா உருவங்களும் நடுவில் திரண்டு நிற்கும். பகடை மட்டுமே பேசும். அதற்குப் பதிலாக, மேசையின் நடுவிலும் இரு ஓரங்களிலும் மூன்று பொத்தான்களை வைத்து, அவற்றை எடுத்துக்கொண்டு தம் பக்கத்து விளிம்புக்குத் திரும்புபவர் வெல்வார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எலிகள் ஓட வேண்டியிருக்கும், நரி இடைமறிக்க வேண்டியிருக்கும், பேட்ஜர் எந்த வழியை அடைத்து நிற்பது என்று யோசிக்க வேண்டியிருக்கும். ஆறு சுற்றுகளோடு முடித்துவிடுங்கள். விதியில் ஐயம் வந்தால் புத்தகத்தை இரண்டு நிமிடம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பகடை உருட்டி முடிவுசெய்து தொடருங்கள், ஐயத்தைத் தாளில் குறித்து வையுங்கள். பிள்ளைகளோடு ஆடும்போது, பெரியவர் விதிப்புத்தகத்தோடு மல்லுக்கட்டும் நேரமே ஆர்வம் வடியும் நேரம்.

நண்பர் வீட்டுக்கு எம்ஆர்டியில் எடுத்துச் செல்பவர்கள், அடித்தட்டின் கீழே காந்தத் தாளை ஒட்டி, உருவங்களைத் தகர பிஸ்கட் டின்னில் நிற்க வைத்தால் வால் முறியாது, வண்ணம் உதிராது. பொழுதுபோக்குக் கடைகள் சிலவற்றில் ஆடுவதற்கு மேசைகள் உண்டு. கட்டணமும் நேரமும் கடைக்குக் கடை மாறும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துச் செல்லுங்கள்.

மூன்று நான்கு ஆட்டங்கள் ஆடிய பிறகு தொடராட்ட விதிகளைத் திறக்கலாம். அதில் ஒரு மோதலில் பட்ட காயம் அடுத்த மோதலுக்கும் தொடரும். தப்பிப் பிழைத்தவர் அனுபவம் பெற்று வளர்வார். ஒவ்வோர் உருவத்துக்கும் பெயர் வைத்து, ஆட்டம் முடிந்த அன்றே காயத்தையும் தேர்ச்சியையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். ஐந்தாவது உருவத்தை எப்போது வாங்குவது என்று அந்த நோட்டே சொல்லும்: எதிராளியின் வில்லாளியை நெருங்க முடியாமல் தோற்றதாகப் பக்கங்கள் காட்டினால் விரைந்தோடும் முயல், பொத்தானை எடுத்தும் கொண்டுவர முடியவில்லை என்றால், வழியை அடைத்து நிற்க இன்னொரு பேட்ஜர்.